தளத்தை யார் வீட்டில் வைப்பது

வெப்சைட் செய்யப் பழகுகிற பிள்ளைகளே, போன கிழமை உங்களில் ஒருவர் எனக்குப் போன் எடுத்துக் கேட்டார். "மிஸ், கோயில் சபைக்கு ஒரு வெப்சைட் செய்றோம். விழாம நிக்கிற ஒரு ஹோஸ்டிங் கம்பனி பேர் சொல்லுங்க." யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. சொல்ல வேண்டியது போனில் சொல்லி முடிகிற அளவில் இல்லை, அவ்வளவுதான். பேர் மட்டும் வேண்டுமென்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். நான் எந்தக் கம்பனியின் பேரையும் தரப்போவதில்லை.

என்னைத் தெரியாத புதுப் பிள்ளைகளும் உங்களில் இருக்கிறீர்கள். மாத்தளை கோர்ட்டுக்குப் பக்கத்தில் பெட்டிஷன் தட்டுகிற டைப்பிஸ்டாகத்தான் நான் வேலை தொடங்கினேன். பிறகு டவுனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை போட்டேன். வெளியூர்க் கோல், போட்டோ கொப்பி, ஃபாக்ஸ், கொஞ்ச நாளில் இன்டர்நெட். கணினியை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. பழுதாக்கிப் பழுதாக்கித்தான் படித்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று சனங்கள் பேசுகிற பேச்சில் மனதில் தைக்கிறதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் மட்டும் டைப்பிஸ்ட் காலத்திலிருந்தே உண்டு. இந்தக் கதையில் வருகிற பேச்செல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கிறது. சிலதை நான் மறக்கப் பார்த்தும் மறக்க முடியவில்லை.

யுத்தத்தின் கடைசி இரண்டு வருடங்கள் அவை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கலவரங்களுக்குப் பயந்து இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வடக்கே வன்னிக்குப் போன குடும்பங்கள் நிறைய. அங்கே காடு வெட்டி, கிணறு தோண்டி, வயலும் செய்தார்கள். சண்டை இறுகியபோது அவர்களோடிருந்த போன் தொடர்பெல்லாம் அறுந்துபோனது. இங்கே இருக்கிற உறவுகள் என் கடைக்கு வந்து பழைய நம்பர்களைக் கொடுத்து, "இன்னொரு தடவ போட்டுப் பாருங்க மிஸ்" என்பார்கள். அடிக்காத நம்பருக்கு நான் காசு எடுப்பதில்லை. ஆனாலும் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நம்பரையே பார்த்துக்கொண்டு இருப்பேன்.

வஹகோட்டைப் பக்கத்துக் கன்னியர் மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் வருவார். நிவாரணச் சாமான்களோடு வவுனியா வரை போய் வருகிறவர். அவர் ஒரு நாள் கோடு போட்ட தாள்களில் எழுதிய நீளமான பட்டியலோடு வந்தார். இன்னார் இன்னாரைத் தேடுகிறார், கடைசியாகக் கேள்விப்பட்ட இடம் இன்னது. "இத டைப் பண்ணித் தாங்க மிஸ். வவுனியாவுல ஆஸ்பத்திரி, ஸ்கூல் மதில்ல எல்லாம் ஒட்டுவோம்" என்றார். டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இதை ஒரு இணையத்தளமாக்கினால் கொழும்பில் இருக்கிறவரும் கனடாவில் இருக்கிறவரும் பார்க்கலாமே.

நீங்கள் இன்று பாவிக்கிற மாதிரி ஒரு உள்ளடக்க மென்பொருளைத்தான் நானும் எடுத்தேன். அதில் எழுதுவதற்கு நிரல் ஒன்றும் தெரிய வேண்டாம். சிஸ்டர் மடத்திலிருந்தும் நான் கடையிலிருந்தும் அறிவித்தல்களைப் போடலாம். யாராவது தகவல் தெரிந்தவர்கள் கீழே பதில் எழுதலாம். அந்தக் காலத்தில் யார் என்ன எழுதுவார்களோ என்ற பயத்தில், பதில்கள் உடனே வெளியே தெரியாதபடி வைத்தேன். முதலில் எனக்கு ஈமெயிலில் ஒரு தலைப்பு வரும். நான் உள்ளே போய் முழுவதையும் வாசித்து அனுமதித்தால்தான் அது பக்கத்தில் ஏறும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

மென்பொருள் சரி. அதை வைக்க ஒரு இடம் வேண்டும். இந்த வேலைக்கென்று சேர்ந்த எங்கள் மூன்று பேரில் சிஸ்டரும் நானும் போக, எல்கடுவப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு மாஸ்டரும் இருந்தார். மாஸ்டரும் நானும் முதலில் கண்டிக்குப் போய், தளங்களை வைக்க இடம் கொடுக்கிற ஒருவரைப் பார்த்தோம். டயர் கடைக்கு மேலே சின்ன ஒபிஸ். சிங்களவர், நாற்பது வயதிருக்கும். நாங்கள் செய்யப்போவதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்:

"மிஸ், விழாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. விழும். இடி விழும், கேபிள் அறும், எனக்கே டெங்கு வந்து நான் படுத்துக்குவேன். விழுந்தா நீங்க கண்டுபிடிக்கிறதுக்கு முந்தி நான் கோல் எடுத்துச் சொல்வேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். வாரத்துக்கு ஒரு தடவ முழுக் கொப்பியையும் நீங்களே இறக்கி உங்க வீட்டுல வைங்க. சைட்டோட பேர உங்க பேர்லயே பதிஞ்சுக்கங்க. நாளைக்கு எங்கூடக் கோவம்னா தூக்கிக்கிட்டுப் போயிடலாம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மாஸ்டர் சிரிக்கத் தொடங்கினார். "பொண்ணு பாக்க வந்த எடத்துல மாப்பிள்ளையே எந்திரிச்சு, எனக்கு இழுப்பு இருக்கு, கடன் இருக்கு, கல்யாணத்துக்கப்புறம் சண்டையும் புடிப்பேன்னு சொன்னா, யாரு மிஸ் பொண்ணு குடுப்பாங்க?" நானும் சிரித்தேன். மாத்தளை வரும் வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சிரிப்புக்குக் கீழே நாங்கள் வாய் விட்டுப் பேசாத ஒன்றும் இருந்தது. வன்னியில் இருக்கிறவர்களின் பெயர்களை ஒரு சிங்களவர் கையில் கொடுப்பதா? அன்றைக்கு எங்கள் வீடுகளில் யாரைக் கேட்டாலும் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அதற்காக மறைக்க முடியாது.

அடுத்தது கொழும்பில், வெள்ளவத்தையில் அதே தொழில் செய்கிற ஒரு தம்பி. அவனைப் பற்றி மாஸ்டர் விசாரித்த விதத்தைச் சொல்கிறேன். நம்முடைய ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை அது. சேர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, கொப்பி எடுத்து வைக்கிறானா என்று ஒன்றும் கேட்கவில்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயத்து வீடு, அப்பா யார் என்று விசாரித்தார். இரண்டு நாளில் சந்தோஷமாகக் கடைக்கு வந்தார்.

"மிஸ், விஷயம் முடிஞ்சுது. அவன் யாருன்னு நெனைக்கிறீங்க? மேல் டிவிஷன் கங்காணி இருந்தாரே, அவரோட கடைசி மகன். சுதாகர். எங்கிட்ட அஞ்சாம் வகுப்புப் படிச்சவன். நம்ம பிள்ளை!"

அதோடு தீர்மானம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்குக் குடும்பம் விசாரிக்கிற மாதிரி விசாரித்துத்தான் நாங்கள் ஒரு சேர்வரைத் தெரிவு செய்தோம். கண்டிக்காரர் சொன்னதைக் கேட்டபின் என் கொப்பியில் நாலு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். சுதாகருடன் போனில் பேசும்போது கொப்பி திறந்துதான் இருந்தது. கேட்கவில்லை. நம்ம பிள்ளையிடம் போய், "நீ போனை எடுக்காவிட்டால் நாங்கள் என்ன செய்வது" என்று எப்படிக் கேட்பது? அவன் மனம் நோகாதா? அவனோ, "அக்கா, நீங்க ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க. விழவே விழாது. பேர் பதியிறது, பாஸ்வேர்ட், எல்லாம் நானே பாத்துக்குறேன்" என்றான். கேட்க இனிமையாக இருந்தது. எல்லாமே அவன் பேரில் பதிந்தது.

அவனும் சொன்ன மாதிரித்தான் நடந்தான். ஒரு வருடத்துக்கு மேல் தளம் ஒரு நாளும் விழவில்லை. மாஸ்டர் வரும்போதெல்லாம், "பாத்தீங்களா?" என்பார்.

அந்த வருடத்தில்தான் பேச்சியம்மா வந்தார். எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். மகள் சாந்தி, வன்னிக் குடும்பத்துப் பையன் ஒருவனை விரும்பி, வீட்டுக்குச் சொல்லாமல் அவனோடு போய்விட்டாள். அதோடு பேச்சு வார்த்தை இல்லை. ஆறு வருடம். அறிவித்தலை நான் எழுதி வாசித்துக் காட்டினேன். பெயர், வயது, புருஷனின் பெயர், கடைசியாக இருந்த ஊர். பேச்சியம்மா கேட்டுவிட்டு எழும்பவில்லை.

"அவ்வளவுதானா மிஸ்?"

"வேற என்னம்மா போடணும்?"

"அம்மாவுக்குக் கோவம் இல்லைன்னு போடுங்க."

போட்டேன்.

"பெருசா போடுங்க. அவ படிக்கிறப்ப மொதல்ல அதுதான் கண்ணுல படணும். இல்லாட்டி அவ பதில் போட மாட்டா. எம் மக, எனக்குத் தெரியாதா?"

அந்த வரியை மேலே, தலைப்புக்கும் முன்னால் வைத்தேன். கீழே தளத்தின் முகவரியோடு அந்தப் பக்கத்தையும் அச்செடுத்துக் கொடுத்தேன்; சிஸ்டர் அதை மற்றவைகளோடு வவுனியாவுக்குக் கொண்டு போனார். பேச்சியம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதல் பஸ்ஸில் வந்து, கடையில் கிடக்கிற வாங்குப் பலகையில் உட்கார்ந்து, "வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

வன்னியிலிருந்து சனங்கள் வெளியே வரத் தொடங்கிய மாதங்களில் ஒரு சனிக்கிழமை. கடையில் நல்ல கூட்டம். ஈமெயிலைத் திறந்தேன். தளத்திலிருந்து ஒரு தலைப்பு வந்திருந்தது. செய்தியின் முதல் வரியை மட்டும் காட்டி, மீதியை உள்ளே வந்து வாசி என்று சொல்லும் அந்த வழக்கமான கடிதம்தான்.

"எல்கடுவ பேச்சியம்மாவின் அறிவித்தலைப் பார்த்தேன். அவருடைய மகள்"

அந்த இடத்தில் அறுந்திருந்தது. இணைப்பை அழுத்தினேன். தளம் இல்லை. சாம்பல் நிறப் பக்கத்தில், இந்தக் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. சுதாகருக்குக் கோல் எடுத்தேன். போன் அணைந்திருந்தது.

போட்டோ கொப்பிக்கு நின்றவர், "மிஸ், என்னோடத முடிச்சுத் தாங்க" என்றார். எந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்தேன், எத்தனை எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

பிள்ளைகளே, நான் இரண்டாவது பிழை விட்டது இங்கேதான். முதல் பிழையைவிடப் பெரியது. நான் காத்திருந்தேன். அன்றைக்கே, இல்லாவிட்டால் அடுத்த நாள் காலையிலேயே, கொழும்புக்கு பஸ் ஏறியிருக்க வேண்டும். மாஸ்டர், "பொறுங்க மிஸ், நம்ம பிள்ளை, போன் எடுப்பான். எதாவது கரண்ட் பிரச்சினையா இருக்கும்" என்றார். நான் நம்பினேன் என்று சொல்வதைவிட, நம்பிக்கொள்வது சுலபமாக இருந்தது என்று சொன்னால் சரி. செக் பொயிண்டுகளைத் தாண்டிக் கொழும்புக்குப் போய் ஒரு தமிழ்ப் பையனின் அறைக் கதவைத் தட்டுவதற்கு எனக்கும் பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மா வந்தார். "வந்துச்சா?"

சொல்வதா விடுவதா என்று இரவு முழுக்க நினைத்துப் பார்த்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த அரை வரியை வாசித்துக் காட்டினேன். எழுத வாசிக்கத் தெரியாதவர், ஆனாலும் திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மகள்னு வந்துருச்சுல்ல மிஸ். மீதியும் வரும்."

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் வந்துவிட்டார். செவ்வாயும் வந்தார். கங்காணி பேர் போட மாட்டார், ஒரு நாள் வேலை கணக்கில் விழாது, போங்கள் என்று சொன்னேன். "பேர் கெடக்கட்டும். இங்க ஒருத்தரு இருக்கணும்ல" என்றார். சிஸ்டர் தனக்குத் தெரிந்த இடங்களுக்கெல்லாம், வவுனியா, மன்னார், திருகோணமலை என்று கோல் எடுத்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான சனம். சாந்தி என்ற பேரில் எத்தனையோ பேர். செய்தி எழுதியவர் இடத்தின் பேரைக் கட்டாயம் எழுதியிருப்பார். அது அந்த அறுந்த வரிக்குப் பிறகுதான் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பேச்சியம்மா வாங்கிலிருந்து எழும்பி கவுண்டருக்கு வந்தார். குரல் உயரவில்லை.

"மிஸ், அந்தத் தம்பி போன எடுக்காட்டி, நம்ம போய்க் கூப்பிடக் கூடாதா? அவனுக்கு வீடு இருக்குமில்ல?"

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் நாங்கள் இருவரும் போனோம். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி ஐடென்டி கார்ட் பார்த்தார்கள். "எங்க போறீங்க?" என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார். "மகனைப் பார்க்க" என்று பேச்சியம்மா சிங்களத்திலேயே சொன்னார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "வேற என்ன சொல்றது?" என்றார்.

சுதாகர் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தான். கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தான். உள்ளே பெட்டிகள் கட்டியிருந்தன. கணினியின் வயர் கூடக் கழற்றியிருந்தது. பஸ்ஸில் வரும்போது நான் அவனுக்குச் சொல்லவென்று சூடாகப் பல பேச்சுகளைத் தயார் செய்திருந்தேன். அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும், என்ன தம்பி நடந்தது என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு கோல் வந்துச்சு அக்கா. நம்பர் விழல. இந்த வன்னிப் பேரெல்லாம் போடுறது யாரு, நீயான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. கட் பண்ணிட்டு எல்லாத்தையும் நிப்பாட்டிட்டேன். போனையும் நிப்பாட்டிட்டேன். பக்கத்து ரூம்ல இருந்தவன போன மாசம் கூட்டிக்கிட்டுப் போனாங்க, இன்னும் வரல." பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "உங்க பேர நான் சொல்லல அக்கா. சத்தியமா."

எங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அவன் வாயை மூடியிருக்கிறான். அந்த மூடிய வாய்க்குள்தான் பேச்சியம்மாவின் மீதி வரியும் இருந்தது. நல்ல பிள்ளைதான். நம்ம பிள்ளைதான். அதில் மாஸ்டர் சொன்னது பிழையில்லை.

தளத்தைத் திரும்பத் திற என்று நான் கேட்டிருந்தால் அவன் மாட்டேன் என்றிருப்பான். சண்டை வந்திருக்கும். நான் கேட்பதைச் சின்னதாக்கினேன். "தம்பி, சைட்டத் தொறக்க வேணாம். யாருக்கும் தெரிய வேணாம். உள்ள போயி அனுமதிக்காம கெடக்குற அந்த ஒரு செய்திய மட்டும் வாசி. இவங்கதான் பேச்சியம்மா."

அவன் அவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். "மேல் டிவிஷனா?" என்று கேட்டான்.

"கீழ் டிவிஷன். உங்க அப்பா காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்புடுற சத்தம் எங்க லயம் வரைக்கும் கேக்கும்" என்றார் பேச்சியம்மா.

வயரைத் திரும்பப் பூட்டினான். கணினி எழும்பியதும் உள்ளே போய்த் தேடினான். அவனே சத்தமாக வாசித்தான்.

"எல்கடுவ பேச்சியம்மாவின் அறிவித்தலைப் பார்த்தேன். அவருடைய மகள் சாந்தி வவுனியா ஆஸ்பத்திரியில் எங்கள் வார்ட்டில் இருக்கிறார். கணவர் இல்லை. காயம் கடுமை. மதிலில் ஒட்டியிருந்த தாளைக் கழற்றி வந்து வாசித்துக் காட்டினேன். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறார். எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக வரவும்." கீழே வார்ட்டில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் பெயர். ஒரு வாரத்துக்கு முந்திய திகதி.

வாசித்து முடித்து அவன் அழுதான். பேச்சியம்மா அழவில்லை. "எந்திரிங்க மிஸ், பஸ் இருக்கும்" என்றார். நாங்கள் கேட்காமலே அவன் தளத்தின் பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரு துண்டில் எழுதித் தந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் கடிதங்களுக்கும் அனுமதிக்கும் ஓடினார். திங்கட்கிழமை மூவரும் வவுனியாவுக்குப் போனோம். மதவாச்சியில் இறக்கி, வரிசையில் நிற்க வைத்து, வேறு பஸ்ஸில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தோம். எங்களைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. பேச்சியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"முந்தநாள் பின்னேரம் அம்மா. கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தவ. ஒவ்வொரு நாளும் கேப்பா, பதில் வந்ததோ எண்டு. நான் என்னத்தச் சொல்ல? வரும் எண்டு சொன்னனான்."

முந்தநாள் என்றால் சனிக்கிழமை. வெள்ளவத்தையில் நாங்கள் அந்தச் செய்தியை வாசித்த நாள். முதல் ஞாயிற்றுக்கிழமையே நான் பஸ் ஏறியிருந்தால் செவ்வாய்க்கிழமை இந்த வார்ட்டில் நின்றிருப்போம். நாலு நாள். தாய்க்கும் மகளுக்கும் நாலு நாள் இருந்திருக்கும். இதை எத்தனையோ விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். விடை மாறவில்லை.

அந்தப் பெண் ஒரு மடித்த தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். சாந்தியின் தலையணைக்குக் கீழே இருந்ததாம். நான் அச்செடுத்த பக்கம். மேலே பெரிய எழுத்தில் அந்த வரி. கை வைத்துக் கை வைத்து அந்த இடத்தில் மட்டும் மை கலைந்திருந்தது.

அடுத்த கிழமையே தளத்தைக் கண்டிக்காரரிடம் கொண்டுபோனேன். நான் முந்தி வந்து சிரித்துக்கொண்டு போனவள் என்று அவருக்கு ஞாபகம் இருந்ததோ தெரியாது, காட்டிக்கொள்ளவில்லை. பேரை என் பேருக்கு மாற்றினோம். வாரம் ஒரு கொப்பி இறக்கி ஒன்றை வீட்டிலும் ஒன்றை மடத்திலும் வைத்தோம். வருகிற செய்தி முழுவதும் ஈமெயிலிலேயே வரும்படி மாற்றினேன். அதற்கு ஒரு நிமிடம்தான் எடுத்தது. ஒரு வருடமாக அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

முதல் மாதத்திலேயே இரண்டு தடவை தளம் விழுந்தது. இரண்டு தடவையும் எனக்குத் தெரியும் முன்பே கோல் வந்தது. "மிஸ், விழுந்திருச்சு. பார்த்துக்கிட்டு இருக்கேன்." மூன்றாவது தடவை கோல் வந்தபோது தளம் நன்றாகத்தான் இருந்தது.

"மிஸ், இன்னைக்கு ஆட்கள் வந்து கேட்டாங்க, இந்த சைட் யாரோடதுன்னு. காணாமப் போன சொந்தக்காரங்களத் தேடுறவங்களோடது, எல்லாம் திறந்துதான் இருக்கு, நீங்களே வாசிங்கன்னு சொன்னேன். பொறுப்பு நான்னு என் பேரக் குடுத்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன். இன்னைக்கே ஒரு கொப்பி எடுத்து வைங்க."

"உங்களுக்குப் பயமில்லையா?" என்று கேட்டேன்.

"பயம்தான் மிஸ். பயமில்லைன்னா ஏன் உங்களுக்குக் கோல் எடுக்கிறேன்?"

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சுதாகரைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. இருவருக்கும் ஒரே கேள்விதான் வந்தது. கண்டிக்காரரால் தன் சிங்களப் பேரைச் சொல்லித் தப்ப முடிந்தது. சுதாகர் பேரைச் சொன்னாலே போதும், கூட்டிக்கொண்டு போக. அவனால் தூக்க முடியாத சுமை அது என்று, அவனுடைய நிலைமையை நினைத்துப் பார்த்திருந்தால் எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். நான் அவன் அப்பாவை விசாரித்தேன், அவனை விசாரிக்கவில்லை. நல்லவனா என்று பார்த்ததோடு நின்றுவிட்டேன். அவன் தலையில் வைக்கப்போவதை அவன் தாங்குவானா என்று பார்ப்பதும் என் வேலைதான். இன்றைக்கு யுத்தம் இல்லை. ஆனாலும் ஒருவரே நடத்துகிற கம்பனி, அவருக்கு ஒரு ஒப்பரேஷன் என்றால் உங்கள் தளம் என்ன ஆகும் என்று கேளுங்கள். கேட்டால் மனம் நோகும் என்று என்னைப் போல் விட்டுவிடாதீர்கள்.

சுதாகர் வெளிநாடு போய்விட்டான். மாஸ்டர் அதற்குப் பிறகு, நம்ம பிள்ளை என்ற சொல்லை என் முன்னால் எடுத்ததில்லை.

வவுனியாவிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. தம்புள்ளையில் சிஸ்டர் நித்திரையாகிவிட்டார். பேச்சியம்மா மடியில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். பலாபத்வலயைத் தாண்டும்போது என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், நான் சொன்னது அவகிட்டப் போயிருச்சு. அவ சொன்னது எங்கிட்ட நேரத்துக்கு வரல. அந்த ஒரு வாரமும் அது எங்க இருந்துச்சு?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அமெரிக்காவில் ஒரு பெரிய கட்டடத்தில், ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒன்றில் இருந்தது என்று சொன்னேன். அது பத்திரமாகத்தான் இருந்தது, அழியவில்லை என்றும் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

பேச்சியம்மா திரும்பவும் கேட்டார்.

"அங்க ஆளு யாரும் இல்லையா மிஸ், எடுத்துக் குடுக்க?"

போன் எடுத்த பிள்ளைக்கு என் பதில் இதுதான். எந்தக் கம்பனியாக இருந்தாலும் சரி, அவர்களிடம் பேச்சியம்மா கேட்டதைக் கேளுங்கள். எங்கள் எழுத்து எங்கே இருக்கும், தேவைப்படுகிற அன்றைக்கு எடுத்துக் கொடுக்க அங்கே ஆள் இருக்கிறதா? கேட்டுவிட்டு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்.